ஒன்ராறியோ அரசின் இலவச நலொக்சோன் கிட்: வீட்டில் வைத்திருக்கலாமா?

கட்டாயம் வைத்திருக்கலாம். மோர்ஃபின், ஹெரோயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் அளவு மீறி மூச்சு நிற்கும்போது அதைத் திரும்பக் கொண்டுவரும் மாற்று மருந்துதான் நலொக்சோன். 2016 ஜூனில் தொடங்கிய திட்டம் இது. முதலில் ஊசி மருந்தாகக் கொடுத்தார்கள். 2018 மார்ச்சிலிருந்து மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயும் மருந்தகங்களில் கிடைக்கிறது. 2016 தொடக்கத்திலிருந்து கனடாவில் ஓபியாய்டு நச்சால் இறந்தவர்கள் 50,000 பேருக்கும் மேல். இத்தனை சாவுகளுக்கு நடுவே அரசு செய்தவற்றில் சாதாரண வீடுகளுக்கு நேரடியாகப் பயன்படுவது இந்தச் சின்னப் பெட்டிதான்.

வாங்குவது எளிது. திட்டத்தில் சேர்ந்துள்ள மருந்தகத்தில் கேட்டால் போதும். மருத்துவர் சீட்டு வேண்டாம், சுகாதார அட்டை காட்டியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. போதைப்பொருள் பாவிப்பவர் மட்டுமல்ல, அவருடைய குடும்பத்தினரும் நண்பர்களும் கேட்டு வாங்கலாம். புற்றுநோய் வலிக்கோ அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ மோர்ஃபின், ஹைட்ரோமோர்ஃபோன், ஆக்சிகோடோன் எடுப்பவர் இருக்கும் வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும். டொரொன்டோ பகுதியில் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் உள்ள நம் தமிழர் வீடுகள் பல இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்குவது பெரிய தவறு. எல்லாக் கிளைகளிலும் இருப்பு இருக்காது. போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே தலா 4 மில்லிகிராம் கொண்ட இரண்டு ஸ்ப்ரேகள், கையுறை, வாயோடு வாய் வைத்து ஊதும்போது இடையில் போடும் தடுப்புத் தாள், விளக்க அட்டை.

ஆளை உலுக்கிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது அல்லது நின்றுவிட்டது, உதடும் நகமும் நீலம், தொண்டையில் கரகரப்பு: இவற்றைக் கண்டால் உடனே 911. மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, உங்கள் விரல்கள் அவர் மூக்கின் அடியில் முட்டும் வரை முனையை நாசியில் நுழைத்து, அடியிலுள்ள பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். 2 முதல் 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இரண்டாவதை மற்ற நாசியில் அடியுங்கள். அதிகம் நடக்கும் பிழை, வேலை செய்கிறதா என்று காற்றில் அடித்துப் பார்ப்பது. ஒரு ஸ்ப்ரேயில் இருப்பது 0.1 மில்லிலிட்டர், ஒரே ஒரு அடி. சோதித்தால் மருந்து போயிற்று.

கிட்டின் உண்மையான குறை அந்தத் தடுப்புத் தாளில் இருக்கிறது. பெட்டிக்குள் இருந்தும் பலர் அதைத் தொடுவதேயில்லை. ஓபியாய்டு கொல்வது மூச்சை நிறுத்தித்தான். ஸ்ப்ரே வேலை செய்யத் தொடங்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களிலும் மூளைக்கு ஆக்சிஜன் போயாக வேண்டும். 5 விநாடிக்கு ஒரு முறை ஊத வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஊசிக் கிட்டோடு கற்றுத்தரும் வரிசையில் மூச்சு ஊதுவது ஊசிக்கு முன்னாலேயே வருகிறது. அது சரியான வரிசை. ஸ்ப்ரேயின் எளிமை இந்தப் பழக்கத்தை மறக்கடித்துவிடுகிறது.

இன்று இது இன்னும் முக்கியம். தெருவில் விற்கும் ஃபென்டனிலோடு பென்சோடையசெபைன் (தூக்கம், பதற்றத்துக்கான மருந்து வகை), சைலசின், மெடெட்டோமிடின் (இரண்டும் விலங்குகளுக்கான மயக்க மருந்துகள்) கலந்து வருகின்றன. இவற்றின் மயக்கத்தை நலொக்சோன் முறிக்காது. மூச்சு சீராகத் திரும்பியும் ஆள் கண் விழிக்காமல் கிடக்கலாம். அதைப் பார்த்துப் பதறி மேலும் மேலும் அடிக்கத் தேவையில்லை. மூச்சை எண்ணுங்கள். சீராக இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருங்கள். மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தேய்ந்துவிடும். மூச்சு மறுபடி நிற்கக்கூடும்.

அளவைக் கூட்டினால் நல்லதா? அமெரிக்காவில் 8 மில்லிகிராம் ஸ்ப்ரேயும் விற்கிறார்கள். நியூயார்க் மாநிலக் காவலர்கள் இரண்டையும் பயன்படுத்தியதில் பிழைத்தவர் விகிதம் கூடவில்லை; வாந்தி உள்ளிட்ட விலகல் அறிகுறிகள்தான் (ஓபியாய்டின் வேலை திடீரென நிற்பதால் வரும் உடல் வேதனைகள்) கூடின. 4 போதும். ஊசிக் கிட்டில் ஒரு குப்பி 0.4 மில்லிகிராம் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், விழித்தபின் வேதனையும் குறைவு. ஆனால் நடுங்கும் கையால் கண்ணாடிக் குப்பியை உடைப்பது பழகாதவர்களுக்குச் சிரமம். வீட்டுக்கு ஸ்ப்ரேயைத்தான் பரிந்துரைப்பேன்.

911 அழைத்தால் போலீஸ் வந்து பிடிக்கும் என்ற பயத்தில் தாமதிக்காதீர்கள். 2017 மேயில் வந்த கூட்டாட்சிச் சட்டம், அழைத்தவரையும் அங்கிருப்பவர்களையும் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து காக்கிறது. விற்பனைக் குற்றத்துக்கும் நிலுவையிலுள்ள பிடியாணைக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

தனியாகப் பாவிப்பவருக்கு இந்தப் பெட்டியால் பயனில்லை, தன் மூக்கில் தானே அடிக்க முடியாதே. அதற்குத்தான் ஆக்சிஜனும் தாதியரும் உள்ள, அவர்கள் பார்வையில் போதைப்பொருள் பாவிக்கக்கூடிய கண்காணிப்பு மையங்கள் இருந்தன. பள்ளிகள், குழந்தைக் காப்பகங்களுக்கு 200 மீட்டருக்குள் அவை இயங்கக்கூடாது என்று அதே ஒன்ராறியோ அரசு சட்டம் போட்டது. 2025 மார்ச் இறுதியோடு பல மூடப்பட்டன. கிட்டைக் கையில் கொடுத்துவிட்டு அதை அடிக்க ஆள் இருந்த இடத்தை மூடியது மிகத் தவறான முடிவு.

பெட்டியை அறை வெப்பநிலையில் வையுங்கள். காருக்குள் விட்டால் ஜனவரியில் உறையும், ஜூலையில் சூடேறும். பயன்படுத்தினாலோ காலாவதியானாலோ மருந்தகத்தில் புதியது இலவசமாகவே தருவார்கள்.