மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா? .30-30 முதல் 6.5 கிரீட்மூர் வரை

அமெரிக்கக் காடுகளில் வெண்வால் மான் பெரும்பாலும் 200 கஜத்துக்குள்தான் அகப்படும். அந்தத் தூரத்துக்கு இங்கே பார்க்கப்போகிற நான்கு தோட்டாக்களுமே (.30-30, .243, .308, 6.5 கிரீட்மூர்) போதும். வித்தியாசமெல்லாம் தோளில் விழும் உதையிலும் குண்டின், அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பாய்ந்து போகும் பகுதியின், கட்டமைப்பிலும்தான். அதிக மருந்து அடைத்த மேக்னம் தோட்டா வாங்குகிறவர் காசு கொடுத்துத் தோள்வலி வாங்குகிறார், அவ்வளவே.

1895இல் வந்த .30-30 வின்செஸ்டர், அடர்காட்டுக்கு இன்றும் சோடை போகாது. 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) குண்டு விநாடிக்கு 2,390 அடி வேகத்தில் கிளம்பும். 100 கஜத்துக்குக் குறி சரிசெய்தால் 200இல் ஏறக்குறைய 8 அங்குலம் இறங்கிவிடும். லீவர் (கைப்பிடி நெம்பித் தோட்டா ஏற்றும்) துப்பாக்கிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுடுகுழலுக்குக் கீழே உள்ள சேமிப்புக் குழாய்க்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும், பின்னதன் மூக்கு முன்னதன் பிரைமரில் (அடிபட்டால் தீப்பற்றும் அடிப்பகுதியில்) முட்டிக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டு என்றால் உதை அதிர்வில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை மூக்குதான் சரி. கூர்மை வேண்டுமென்றால் ஹார்னடி நிறுவனத்தின் லெவரெவல்யூஷன் தோட்டா மாதிரி நெகிழும் நுனி இருக்க வேண்டும்.

.243 வின்செஸ்டர் (1955), .308 தோட்டாவின் பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. உதை, .30-06 என்ற பெரிய தோட்டாவின் உதையில் ஏறத்தாழ பாதிதான். புதிதாகச் சுடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுக்க மாட்டார். சிக்கல் எந்தத் தோட்டாப் பெட்டியை எடுக்கிறோம் என்பதில்தான். அதே அலமாரியில் 55, 58 கிரெய்ன் குண்டுகளும் இருக்கும். அவை சிறு பிராணிகளுக்கானவை, உறை மெல்லியது. மானின் தோள் எலும்பில் பட்டால் குண்டு உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே நொறுங்கிவிடும். மான் காயத்தோடு ஓடிவிடும். 95 அல்லது 100 கிரெய்னுக்குக் கீழே போகாதீர்கள்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் .308 வின்செஸ்டர். 150 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 2,820 அடி. 100 கஜத்தில் 2 அங்குலம் மேலே படும்படி வைத்தால் 200இல் நேராகப் படும். 300இல் 8, 9 அங்குலம் தாழும். 2007இல் வந்த 6.5 கிரீட்மூரில் உதை இன்னும் மென்மை, காற்றிலும் குறைவாகவே விலகும். ஆனால் 200 கஜத்துக்குள் மானுக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளும். வேகம் குறைந்தால், மானில் பட்டதும் சரியாக விரியவும் செய்யாது. அதனால் வேகம் குறையாதிருக்க .308இல் 165 கிரெய்னுக்குப் பதில் 150 அல்லது 130 எடுங்கள்.

பெட்டி மாறினால் குறியும் மாறும். 8 அங்குலக் காகிதத் தட்டு மானின் நெஞ்சுப் பகுதி அளவுதான். வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவால், மேசையில் சாய்த்து வைத்து அல்ல, முட்டிபோட்டு உட்கார்ந்து ஐந்து முறை அந்தத் தட்டைச் சுட்டுப் பாருங்கள். ஐந்தும் தட்டில் விழும் தூரம் எதுவோ அதற்கப்பால் நிற்கும் மானைச் சுடாதீர்கள்.