லோடர் பக்கெட்டுக்குப் பல்: வெல்டு வைப்பதா, போல்ட் போட்டு மாட்டுவதா?

இறுகிய மண்ணில் டிராக்டர் லோடரை முட்டினால் பக்கெட் மேலோட்டமாகச் சறுக்கும், பின்சக்கரம் வழுக்கும், மண் மட்டும் ஏறாது. பல் வைத்தால், உதட்டின் (பக்கெட்டின் முன்விளிம்பு) முழு அகலத்துக்கும் பரவிக் கிடந்த தள்ளுவிசை ஏழெட்டு முனைகளில் குவிந்து மண்ணைப் பிளக்கும். அதில் சந்தேகமில்லை. எந்தப் பல், எப்படி மாட்டுவது என்பதில்தான் சண்டை.

காசு மிச்சம் என்று பலரும் முதலில் தேடுவது லாரி போன்ற வண்டிகளின் பழைய லீஃப் ஸ்பிரிங் (வில்) பட்டையைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். உறுதியான எஃகு, சீக்கிரம் தேயாது என்று கணக்குப் போட்டேன். தேயவில்லைதான், மூன்று பற்கள் வெல்டிங்கை ஒட்டி மளுக்கென்று ஒடிந்தன. ஸ்பிரிங் எஃகில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம். வெல்டு வைத்ததும் சட்டென்று ஆறினால், அதை ஒட்டிய பகுதி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். முன்கூட்டியே 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி, ஈரம் ஏறாத 7018 ரக லோ ஹைட்ரஜன் வெல்டிங் ராடு போட்டு, காய்ந்த மணலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் தாங்கும். ஆனால் பக்கெட்டோடு ஒட்டிய பல்லை எந்த மணலில் புதைப்பது?

மைல்டு ஸ்டீல் இதற்கு நேர் எதிர். வெல்டு வைக்கச் சுலபம், தேய்வதும் சீக்கிரம். 20 மில்லிமீட்டர் தகட்டில் பல்லை வெட்டி, முனையின் ஒரு முகத்தில் மட்டும் ஹார்டுஃபேசிங் ராடு (தேய்மானம் தாங்கும் கடினப் பூச்சு வைக்கும் வெல்டிங் ராடு) ஓட்டுங்கள். மறுமுகம் முதலில் தேயும், முனை தானாகவே கூராக நிற்கும். சொந்தமாகச் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கடையில் வாங்கும் வெல்டு பல் இரண்டு துண்டாக வரும். அடித்துண்டு உதட்டோடு நிரந்தரமாக ஒட்டும்; முனை அதன்மேல் செருகி ஒரு பின்னில் நிற்கும். தேய்ந்தால் பின்னைத் தட்டிவிட்டு முனையை மாற்றலாம். 150 முதல் 200 மில்லிமீட்டர் இடைவெளி சரியாக இருக்கும். உதட்டு எஃகும் பெரும்பாலும் கடினமானதுதான், அதையும் முதலில் சூடேற்ற வேண்டும். ஒரே ஓரத்திலிருந்து வரிசையாக வெல்டு வைத்தால் உதடு வளையும். மாறி மாறி வையுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பைப் பக்கெட்டிலேயே மாட்டுங்கள். மின்சாரம் லோடர் மூட்டுகளில் உள்ள பின், புஷ் வழியாகப் பாய்ந்தால் அவை கெட்டுப்போகும்.

தோண்டுவதற்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் டிராக்டர் லோடர் தோண்ட மட்டுமா? மறுநாள் சரளை நிரவ வேண்டும், அப்புறம் கான்கிரீட் தரையில் சாணம் வழிக்க வேண்டும். நிரவினால் பல் கோடு போடும், தரையில் வழித்தால் கீறும். முனையைக் கழற்றினாலும், வெல்டு வைத்த அடித்துண்டைக் கழற்ற வழியில்லை.

அதனால்தான் என் ஓட்டு டூத் பாருக்கு. பல் வைத்த கனமான பட்டையை உதட்டின்மேல் உட்கார வைத்து, இரு பக்கத் தகட்டிலும் போல்ட் போட்டு முறுக்குவதுதான் வேலை. தேவையில்லாதபோது கழற்றிவிடலாம். சிறிய டிராக்டரின் மெல்லிய உதட்டுக்கு அதுவே முட்டுக்கொடுக்கும். குறை இல்லாமல் இல்லை. எடை கூடும், அந்த அளவுக்குத் தூக்கும் திறன் குறையும். ஈரமண் பாருக்குப் பின்னால் அப்பிக்கொள்ளும். பெரிய தொல்லை, பார் உதட்டில் இறுக்கமாக உட்காராவிட்டால் வருவது. தள்ளும் விசை முழுவதும் போல்ட் மேல் விழும், ஓட்டை நீள்வட்டமாகிவிடும்.

எந்தப் பல் போட்டாலும் ஓரப் பல்லை வேரில் கொளுவி நெம்பாதீர்கள். லோடர் கைகள் முறுக்கிக்கொள்ளும். பார் வாங்குவதாக இருந்தால், பக்கெட்டின் உள்ளகலத்தை மேல்வாயில் அளக்காமல் உதட்டை ஒட்டி அளந்து கொடுங்கள். பழைய பக்கெட்டில் இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.