குரோமியோவின் ‘ஃபேன்ஸி ஃபுட்வொர்க்’: கூம்பு ஸ்பீக்கரில் போடாதீர்கள்

கனடாவின் மான்ட்ரியாலைச் சேர்ந்த இருவர் இசைக்குழு குரோமியோ. அவர்களின் இரண்டாவது ஆல்பம் இது, 2007இல் வந்தது. எண்பதுகளின் சின்த் ஃபங்க், அதாவது சின்தசைசர் எனும் மின்னணுக் கீபோர்டில் வாசிக்கும் துள்ளல் நடன இசைதான் அடித்தளம். பாட்டும் கிதாரும் டேவ் 1. கீபோர்டும் டாக் பாக்ஸும் பி-தக்.

டாக் பாக்ஸை ஆட்டோ-டியூன் (பாடிய குரலின் சுருதியை மென்பொருளால் திருத்துவது) என்று நினைத்துவிட வேண்டாம். சின்தசைசரின் ஒலி ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வாசிப்பவரின் வாய்க்குள் போகும். அவர் குரல் எழுப்பாமல் உதட்டையும் நாக்கையும் அசைக்க, அப்படி உருமாறி வெளிவரும் ஒலியை மைக் பிடிக்கும். திருவையாற்றில் மோர்சிங் கேட்ட காதுக்கு இது அந்நியமில்லை; அங்கேயும் வாய்தான் ஒலிக்கு உருவம் கொடுக்கிறது. மெய்யெழுத்துகளை அழுத்தி உச்சரிக்காவிட்டால் சொல் குழறிவிடும்.

‘டெண்டரோனி’ பாட்டில் வரும் சின்த் பேஸ், அதாவது சின்தசைசரின் அடி ஒலிதான் ஆல்பத்தின் உச்சம். வரிகள்? காதலிப் புலம்பல், கொஞ்சம் கோமாளித்தனம். தொடர்ந்து கேட்டால் சலிக்கும்.

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் கல்யாணத்துக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் போட்டால் பாதிப் பாட்டு காணாமல் போகும். சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கூம்பு பெரிதாகப் பேசாது. இந்த பேஸ் நடப்பதோ அதற்கும் வெகு கீழே. சவுண்டு சர்வீஸ்காரரிடம் 15 அங்குல ஊஃபர் (அடி ஒலிக்கான ஸ்பீக்கர்) உள்ள பாக்ஸ் கேளுங்கள். ட்ரெபிளையும் (கீச்சொலி) சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டாக் பாக்ஸ் காதைக் கிழிக்கும்.