காரைக்குடியில் ஓர் இறகுப்பந்து உள்ளரங்கு: சந்தாவுக்குத் தகுந்த பலன் உண்டா?

காரைக்குடியில் முன்பு கிட்டங்கியாக இருந்த ஒரு கட்டடத்தை மாற்றி அமைத்திருக்கும் இறகுப்பந்து உள்ளரங்கில் நான் மாதச் சந்தா கட்டி ஆடி வருகிறேன். உடம்புக்காக ஏதாவது தொடங்க வேண்டும், நடைப்பயிற்சி அலுத்துவிட்டது, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருந்ததுதான் மிச்சம் என்று சொல்பவர்கள் இப்போது நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கட்டுகிற பணத்துக்குப் பலன் உண்டு, குறைகளும் உண்டு, ஆனால் தொடங்கியவர் பாதியில் விட்டுவிடாமல் தொடர்கிற பொழுதுபோக்கு எது என்று பார்த்தால், இதற்கு ஈடாக வேறொன்றை நம் ஊரில் நான் காணவில்லை.

வெட்டவெளியில் ஆடுவதற்கும் உள்ளரங்கில் ஆடுவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. ஆடி மாதத்தில் ஒரு மாலை வெளியில் ஆடிப் பார்த்தாலே போதும். விதிப்படி ஓர் இறகுப்பந்தின் எடை 4.74 முதல் 5.50 கிராம்தான். பதினாறு இறகுகளும் ஒரு தக்கையும் சேர்ந்த அந்தச் சிறு பொருள், செம்மண் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் காற்றில் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் அந்தக் காலத்தில் பூப்பந்து (பால் பேட்மிண்டன்) செழித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கம்பளி நூலால் ஆன அந்த மஞ்சள் பந்து 27 முதல் 30 கிராம் எடை உள்ளது, காற்றுக்கு அவ்வளவு எளிதில் விலகாது. பூப்பந்து ஆடிப் பழகிய பெரியவர்கள் சிலர் இந்த அரங்குக்கு வருகிறார்கள். அவர்கள் மட்டையைத் தோளிலிருந்து வீசும் பழக்கத்தை விட்டு மணிக்கட்டால் அடிக்கப் பழகச் சில வாரங்கள் ஆகின்றன. அதன்பிறகு அவர்களை எதிர்த்து ஆடுவது இளைஞர்களுக்கே சிரமமாகிவிடுகிறது.

பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தளத்தைத்தான் பார்ப்பார்கள். இங்கே அது ஏமாற்றவில்லை. சிமெண்டுத் தரையின்மேல் மரச்சட்டங்கள் இட்டுப் பலகை பரப்பி, அதற்குமேல் செயற்கை விரிப்பை ஒட்டியிருக்கிறார்கள். வெறும் சிமெண்டுத் தரையில் விரிப்பைப் போட்டுவிட்டு உள்ளரங்கு என்று பெயர் வைக்கும் இடங்களும் சிவகங்கை மாவட்டத்தில் உண்டு. அவற்றில் ஆடினால் குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்குப் போகிறது. மூன்று ஆடுகளங்களும் முழு அளவில், அதாவது 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமுமாக இருக்கின்றன. வலை நடுவில் 1.524 மீட்டர் உயரத்தில் நிற்கிறதா என்று பயிற்சியாளர் காலையில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விளக்குகளைப் போடுகிறார். அந்த விளக்குகளை ஆடுகளத்துக்கு நேர்மேலே மாட்டாமல் பக்கவாட்டில் அமைத்திருப்பதால், உயரத் தூக்கிய பந்தை அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசுவதில்லை. பின்சுவர்களுக்குக் கரும்பச்சை வண்ணம் பூசியிருப்பதும் வெள்ளை இறகைக் கண் விடாமல் பிடிப்பதற்காகத்தான்.

பயிற்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அரங்கின் சிறப்பு அதில்தான் இருக்கிறது. எல்லாரும் மாஸ்டர் என்று அழைக்கும் பயிற்சியாளர், புதிதாக வருபவரை முதல் நாளில் பந்தை அடிக்கவே விடுவதில்லை. ஒருவரோடு கை குலுக்குவதுபோல் மட்டையின் பிடியைப் பற்றச் சொல்கிறார். விரல்களுக்கும் பிடிக்கும் இடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும் என்கிறார். தேவகோட்டையிலிருந்து வரும் ஓர் ஆச்சி, ஐம்பது வயதைக் கடந்தவர், மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்ததால் முழங்கையில் வலி வந்து, விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அவர் பக்கத்தில் நின்று, "ஆச்சி, எப்பவும் இறுக்காதீங்க, பந்து படுற அந்த நேரத்துல மட்டும் விரலை மூடுங்க, அப்புறம் விட்டுடுங்க" என்று சொல்லி, தன் கையில் அதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். பந்து மட்டையில் படும்போது எழும் ஓசையே மாறியது. மந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, வெடுக்கென்று கேட்கத் தொடங்கியது. இடப்பக்கம் வரும் பந்துக்குக் கட்டைவிரலைப் பிடியின் அகன்ற பக்கத்தில் பதித்துத் தள்ளுவது, எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் இரு கால்களையும் லேசாக எழுப்பி ஊன்றுவது, முன்பக்கம் பாயும்போது குதிகாலை முதலில் பதித்து முழங்காலைப் பாதத்தின் நேர்கோட்டிலேயே மடக்குவது ஆகிய மூன்றையும் அவர் வாரக்கணக்கில் சலிக்காமல் சொல்லித் தருகிறார். முறையாகக் கற்றுக்கொள்ளாமல் ஆடி மூட்டைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமையின் அருமை தெரியும்.

உடம்புக்கு என்ன கிடைக்கிறது என்பதில் மிகைப்படுத்தாமல் பேச விரும்புகிறேன். நடையிலும் ஓட்டத்திலும் இதயம் ஒரே சீரில் உழைக்கிறது; இறகுப்பந்திலோ சில நொடிகள் வேகம், சில நொடிகள் ஓய்வு என்று மாறி மாறி உழைக்கிறது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பாய்வதால் தொடை, இடுப்பு, முதுகு ஆகியவை ஒன்றாக வேலை செய்கின்றன. குதித்து இறங்கும் பளு எலும்புக்கும் நல்லது. கோபன்ஹேகன் நகரத்து மக்களை இருபத்தைந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2018இல் மேயோ கிளினிக் ப்ரொசீடிங்ஸ் இதழில் வெளிவந்தது. உடலுழைப்பே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்கள் சராசரியாக 9.7 ஆண்டுகளும், இறகுப்பந்து ஆடியவர்கள் 6.2 ஆண்டுகளும், மெல்லோட்டம் ஓடியவர்கள் 3.2 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பது அதன் கணக்கு. பிரிட்டனில் எண்பதாயிரம் பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியான மற்றோர் ஆய்விலும், மட்டை விளையாட்டு ஆடியவர்களிடம் இறப்பு விகிதம் 47 விழுக்காடு குறைவாக இருந்தது. இவை இரண்டும் கவனித்துப் பதிவு செய்த ஆய்வுகளே. ஆடியதால்தான் ஆயுள் கூடியது என்று இவற்றைக் கொண்டு நிறுவிவிட முடியாது, ஏனென்றால் வசதியும் உடல்நலமும் உள்ளவர்களே ஆட வந்திருக்கவும் கூடும். ஆனால் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: பட்டியலில் முன்னால் நிற்கும் விளையாட்டுகள் எல்லாம் இன்னொருவரோடு சேர்ந்து ஆட வேண்டியவை.

நம் ஊருக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதை இந்த அரங்கில் அன்றாடம் பார்க்கிறேன். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டின் பட்டாலையில் ஒருவரோ இருவரோ மட்டும் அமர்ந்திருக்கும் ஊர்கள் செட்டிநாட்டில் எத்தனையோ. கோயில் திருவிழாவும் கல்யாணமும் வந்தால்தான் வீடு நிறைகிறது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கானாடுகாத்தானிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, கல்லூரி மாணவர்களோடு இரட்டையர் ஆட்டம் ஆடுகிறார். அவர் பின்னால் ஓட மாட்டார். வலைக்கு அருகில் நின்றுகொண்டு எதிராளி எதிர்பார்க்காத இடத்தில் பந்தை மெல்ல இறக்கிவிடுவார். "ஐயா, நீங்க முன்னாடியே நில்லுங்க, பின்னாடி நான் பார்த்துக்கிறேன்" என்று அழகப்பா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சொல்ல, அவர்கள் இருவரும் சேர்ந்து வெற்றி பெறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு நாள் அவர் வராவிட்டால் மாணவர்கள் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கிறார்கள். ஆட்டத்துக்கு நான்காவது ஆள் வேண்டும் என்பதற்காகவே படுக்கையை விட்டு எழுந்து வருபவர்கள் இங்கே அதிகம். நடைப்பயிற்சிக்கோ ஓட்டப்பொறிக்கோ (டிரெட்மில்) அப்படி ஒருவர் காத்திருப்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே சந்தாப் பணம் தகும் என்பேன்.

பெண்களுக்கென்று காலை பத்து மணிக்குமேல் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் அந்த நேரத்தில் அரங்கு நிறைகிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வென்றார்கள். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள், மூவரும் வென்றது இறகுப்பந்தில். அவர்களுடைய படங்களை வரவேற்பு மேசைக்குப் பின்னால் மாட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பெண்களுக்கான நேரத்துக்குப் பெண் பயிற்சியாளர் இன்னும் இல்லை. விரைவில் அமர்த்தினால் இன்னும் பலர் வருவார்கள்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயல்பான வேகத்தில் ஆடும்போது உடல் ஓய்வில் இருப்பதைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறது. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் ஆடினால் 380 கலோரி அளவுக்குச் செலவாகும். விசேஷ வீட்டில் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் பால் பணியாரமும் வரிசையாக வரும் காலைப் பலகாரத்தை இதைக்கொண்டு ஈடுகட்ட முடியாது. ஆயினும் 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டிருக்கும் நிலையில், ஆடும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகின்றன என்பது சிறிய பலன் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. வாரத்தில் மூன்று நாள் வந்தாலே அது நிறைவேறிவிடும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் சர்க்கரை திடீரென்று இறங்குவதற்கு இடமுண்டு என்பதால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வருவதும் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்வதும் நல்லது.

இனிக் குறைகள். முதலாவது வெப்பம். மின்விசிறியைப் போட்டால் பந்து திசை மாறும் என்பதால் அணைத்துவிடுகிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே, கத்திரி வெயில் காலத்தில், மாலை ஐந்து மணிக்கு உள்ளே நிற்பதே கடினம். கூரையின் உட்புறம் வெப்பத்தைத் தடுக்கும் தகடு பொருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் செய்யவில்லை. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் ஆடி முடிப்பதுதான் பாதுகாப்பு. உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ கூடவே இருக்க வேண்டும். இரண்டாவது, மாஸ்டர் இல்லாத நேரங்களில் உடம்பைச் சூடேற்றும் பயிற்சி நடப்பதில்லை. நாற்பதைக் கடந்தவர்கள் நேரே வந்து ஆட்டத்தில் இறங்கினால் குதிகால் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து இந்த விளையாட்டில் மெய்யாகவே உண்டு. கணுக்கால் பிசகுவதும் அதிகம். இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது, பந்து கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும். இதை எச்சரிக்கைப் பலகையாக எழுதி மாட்டுவது நிர்வாகத்தின் கடமை, இன்றுவரை இல்லை.

செலவில் சந்தாவைவிடப் பந்துதான் கவலை தருகிறது. சந்தா நடுத்தரக் குடும்பம் தாங்கும் அளவில் இருக்கிறது. இறகுப்பந்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது, கடுமையான ஓர் ஆட்டத்தில் ஒன்றிரண்டு உடைந்தும் விடுகிறது. வறண்ட வெப்பத்தில் இறகு எளிதில் ஒடியும் என்பதால், மாஸ்டர் முந்தின நாள் இரவே பந்துக் குழாயின் இரு முனைகளையும் திறந்து, கொதிக்கும் நீரின் ஆவியில் சில நொடிகள் காட்டிவிட்டு மூடி வைக்கிறார். ஆவி ஏறிய இறகுகள் வளைந்துகொடுக்கின்றன, உடனே ஒடிவதில்லை. வெயில் காலத்தில் பந்து இயல்பைவிட வேகமாகப் பறக்கும். அதனால் குழாயில் 76 என்று அச்சிட்ட மெதுவான வகையையே வாங்குகிறார். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நைலான் பந்தே போதும், பல நாள் வரும்.

மட்டை வாங்குபவர்கள் விலையுயர்ந்ததைத் தேட வேண்டாம். 4யூ என்று குறித்திருக்கும், அதாவது 80 முதல் 85 கிராமுக்குள் எடையுள்ள மட்டையில் 22 முதல் 24 பவுண்டு இறுக்கத்தில் நரம்பு கட்டச் சொன்னால் தோளுக்கும் முழங்கைக்கும் இதமாக இருக்கும். மட்டையில் மிச்சம் பிடித்த பணத்தை உள்ளரங்குக்கான காலணியில் போடலாம். ஓடுவதற்கான காலணி பக்கவாட்டு அசைவுக்கு ஆகாது, கணுக்காலைப் பிசக்கிவிடும், இங்கே அதை அனுமதிப்பதும் இல்லை.

சேர நினைப்பவர்கள் மாதச் சந்தா கட்டுவதற்கு முன் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திச் சில நாள் ஆடிப் பார்க்கலாம். அதற்கு இங்கே வசதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். அன்று மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள் கூடுவதால் ஒரு ஆட்டத்துக்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். வார நாளில் காலை ஆறு மணிக்கு வந்தால் மாஸ்டரும் இருப்பார், ஆடுகளமும் கிடைக்கும், நான்காவது ஆளைத் தேடிக்கொண்டு நிற்கும் மூவரும் இருப்பார்கள்.