விண்டோஸ் 10-க்குப் பிறகு: சிறு அலுவலகத்தில் எது ஓடுகிறது, எது மாட்டிக்கொள்கிறது

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான் கடைசி என்பதைப் பல அலுவலகங்கள் கவனிக்கவே இல்லை. சிஸ்டத்துக்குக் காசு கட்டிப் பாதுகாப்பை நீட்டித்தாலும் அது இந்த ஆஃபிஸ் பதிப்புகளைத் தொடாது.

கடை, ஆடிட்டர் அலுவலகம், பட்டறை எதுவானாலும் சிஸ்டங்களை எண்ணுவதற்கு முன் ஒவ்வொன்றின் பின்பக்கமும் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். மானிட்டர், கீபோர்டு, நெட் கேபிள் மட்டும் இருந்தால் அது சுலபமான சிஸ்டம். தராசு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், இயந்திரத்தின் கன்ட்ரோலர் என்று ஏதாவது தொங்கினால் செலவும் நேரமும் அங்கேதான் போகும்.

காசு கட்டி விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தம் பெறும் நீட்டிப்புத் திட்டமான இஎஸ்யூ நிறுவனங்களுக்கு முதல் ஆண்டில் சிஸ்டம் ஒன்றுக்கு 61 டாலர். அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. டாலர் 88 ரூபாய் என்று வைத்தாலும் மூன்றாண்டுக்கு 37,500-ஐத் தாண்டுகிறது. இரண்டாம் ஆண்டில் சேருபவர் முதல் ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதால், பொறுத்துப் பார்த்துச் சேர்ந்தால் லாபம் எதுவும் இல்லை. வருவது பாதுகாப்புத் திருத்தம் மட்டும். வேறு கோளாறுகளை யாரும் சரிசெய்து தரமாட்டார்கள். வீட்டுப் பயனருக்கான 30 டாலர் திட்டம் டொமைனில் (அலுவலக சர்வரின் கட்டுப்பாட்டில்) சேர்ந்த சிஸ்டங்களுக்குச் செல்லாது, அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். சேர்க்கும்போது இரண்டு விஷயம்: சிஸ்டம் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும், இஎஸ்யூ லைசன்ஸ் சாவியை உள்ளிட்ட பிறகு அந்த ஆண்டுக்கான அடையாள எண்ணைக் கொடுத்துத் தனியே ஆக்டிவேட் செய்ய வேண்டும். முதல் படியோடு நிறுத்திவிட்டால் அப்டேட் வராது, வராதது கண்ணிலும் படாது. அதனால் எஸ்எல்எம்ஜிஆர் (slmgr) கட்டளையில் லைசன்ஸ் நிலையைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

இன்டெல் எட்டாம் தலைமுறையோ ரைசன் 2000 வரிசையோ (2200ஜி, 2400ஜி தவிர) அதற்கு மேலோ இருந்தால் விண்டோஸ் 11-தான் சரியான வழி. 'தகுதியில்லை' என்று காட்டும் சிஸ்டங்களில் பல, பயாஸில் (சிஸ்டத்தின் அடிப்படை அமைப்புத் திரை) டிபிஎம் பாதுகாப்பு வசதி, அதாவது இன்டெலில் பிடிடி அல்லது ஏஎம்டியில் எஃப்டிபிஎம், அணைந்திருப்பதால் மட்டும் அப்படிக் காட்டுகின்றன. அதை இயக்கி, பூட் ஆகும் விதத்தைப் பழைய லெகசி முறையிலிருந்து புதிய யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்பில் இருந்தால் அதற்கு முன்பே விண்டோஸின் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் புதிய ஜிபிடி அமைப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே நம் ஊர் அசெம்பிள் சிஸ்டங்கள் தடுக்கி விழும். சி, டி, இ, எஃப் என்று டிரைவ்களை வெட்டி வைத்திருப்பார்கள். அவை எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் என்ற ஒரே பகுதிக்குள் வெட்டிய லாஜிக்கல் டிரைவ்களாக இருந்தால் கருவி முதல் சோதனையிலேயே மறுத்துவிடும். தரவை வெளி டிஸ்க்கில் எடுத்து, அந்த டிரைவ்களை அழித்து, மாற்றிய பின் மறுபடி உருவாக்க வேண்டும். கையோடு மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பேட்டரி செத்திருந்தால் ஒரு மின்வெட்டில் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பி, காலையில் சிஸ்டம் பூட் ஆகாமல் நிற்கும்.

டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவி வேறொரு பொறி. புதிதாக நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு டிஸ்க்கைத் தானே பூட்டிக்கொள்ளும். மீட்புச் சாவி அந்தக் கணக்கிற்குப் போகும். சர்வீஸ் ஆள் தன் மெயில் ஐடியில் நுழைந்து நிறுவினால் கடையின் சாவி அவர் கையில்! நிறுவனத்தின் கணக்கில் மட்டும் நுழையுங்கள், சாவியைத் தாளிலும் எடுத்து வையுங்கள்.

மாறிய பிறகு அதிகம் வரும் புகார், "ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை." 24எச்2 ப்ரோவில் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் நுழைவு மூடப்பட்டுவிட்டது, ஃபோல்டர் பகிரும் எஸ்எம்பி முறையில் கையொப்பச் சோதனையும் கட்டாயம். அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடச் சொல்லும் யோசனைகள் நிறையக் கிடைக்கும், வேண்டாம். ஃபோல்டர் இருக்கும் சிஸ்டத்தில் கடவுச்சொல்லோடு ஒரு பயனரை உருவாக்கினால் பெரும்பாலும் போதும். அடுத்தது தராசுக் கேபிள். பழைய பிஎல்2303 சிப் உள்ள யூஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகினால், 2012-லேயே கைவிடப்பட்ட சிப் என்று டிவைஸ் மேனேஜர் சொல்லும். டிரைவரோடு மல்லுக்கட்டாமல் எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளாக மாற்றுங்கள். கேபிளுக்கு விண்டோஸ் தரும் காம் போர்ட் எண்ணும் மாறியிருக்கும்; பழைய பில்லிங் மென்பொருளுக்குக் காம் 1 முதல் 4 வரைதான் தெரியும் என்றால் டிவைஸ் மேனேஜரின் அட்வான்ஸ்டு அமைப்பில் எண்ணைக் குறைத்துவிடலாம்.

டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங் இன்னும் ஓடும் கடைகளுக்குக் கொஞ்சம் கஷ்டம். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது, 64-பிட்டில் அந்த நிரல்கள் நேரடியாக ஓடாது. டாஸ் போலவே நடந்துகொள்ளும் விடாஸ் போன்ற எமுலேட்டரில் ஓட்டலாம், ஆனால் இரண்டு கவுன்டரில் ஒரே நேரம் பில் போட்டு ரெக்கார்டு பூட்டு (ஒருவர் திருத்தும் பதிவை இன்னொருவர் தொடாதபடி காப்பது) சரியாக விழுகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

தகுதியில்லாத சிஸ்டத்தில் தகுதிச் சோதனையைத் தாண்டவைக்கும் ரூஃபஸ் கருவி வழியாக விண்டோஸ் 11 ஏற்றுவது ஓடத்தான் செய்கிறது. மாதாந்திர அப்டேட்டும் பொதுவாக வருகிறது. ஆனால் ப்ரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம்; அடுத்த பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். வேலைக்கு இதை வைக்காதீர்கள். விண்டோஸ் 10-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்சி 2021-ஐ '2032 வரை தாங்கும்' என்று விற்பவர்களிடம் பெயரை முழுதாகக் கேளுங்கள்: 2032 ஜனவரி வரை என்பது ஐஓடி எண்டர்பிரைஸுக்கு, சாதாரண எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2027 ஜனவரி 12-லேயே முடிகிறது.

பிரவுசரும் மெயிலும் மட்டும் போதுமான மேசைக்கு இலவச லினக்ஸான உபுண்டு 24.04 தாராளம். டோக்கன் வைத்துக் கையெழுத்திடும் மேசைக்கு வேண்டாம்.

இயந்திரத்தோடு கட்டுண்ட சிஸ்டத்தை நெட்டிலிருந்து பிரித்துவிடுங்கள், அதற்கென்று ஒரே ஒரு பென்டிரைவ் ஒதுக்குங்கள். டிஸ்க்கை வேறொரு எஸ்எஸ்டியில் அப்படியே நகலாக (குளோன்) எடுத்து, அந்த எஸ்எஸ்டியை மாட்டி இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வையுங்கள்.