58 எஃப்/8 தலப்படம்: பிளஸ் டூ புவியியல் செய்முறைக்கு எப்படி?

பாடநூலில் உள்ள துண்டுப் படத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முழுத் தலப்படத்தை (மலை, ஓடை, ஊர், சாலை எல்லாம் காட்டும் டோபோ ஷீட்) விரித்ததும் எங்கிருந்து தொடங்குவதென்றே தெரியாது. முழுத் தாளைக் கையில் வைத்துப் பழகுவதுதான் வழி. மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் இணையவாயிலில் பதிவு செய்தால் பி.டி.எஃப். இலவசம். தமிழ்நாட்டு மாணவர் ஒரே ஒரு தாள்தான் எடுப்பார் என்றால், பழனி மலையும் போடி சமவெளியும் ஒன்றாக விழும் 58 எஃப்/8 என்ற எண்ணுள்ள தாள் நல்ல தேர்வு. புதிய வரிசையில் எண் சி43 என்று தொடங்கும், இடம் அதேதான்.

முதல் தவறு அச்சிலேயே நடக்கிறது. தாளின் பரப்பு 15 நிமிடத்துக்கு 15 நிமிடம். 1:50,000 அளவையில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 55 செ.மீ. இதை ஏ4 தாளில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று அடித்தால் 2 செ.மீ. = 1 கி.மீ. என்ற கணக்கு போயிற்று. கட்டட பிளான் அச்சிடும் கடையில் ஏ1 தாளில், 100 சதவீதத்தில் எடுங்கள். வாங்கும்போதே ஸ்கேலை வையுங்கள்: நேர்கோட்டு அளவையில் 5 கி.மீ. சரியாக 10 செ.மீ. இருக்க வேண்டும்.

நிறங்களில் மதிப்பெண் போகும் இடம் கருப்புக் கோடு. ஓடைகளில் நீலம் நீர் உள்ளதற்கு மட்டும். வறண்ட ஓடை கருப்பில்தான் வரும், அதை ஒற்றையடிப் பாதை என்று எழுதிவிடுகிறார்கள். குறியீட்டு விளக்கத்தைப் பாருங்கள். அதோடு சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடுகள்) மேட்டுப் பக்கம் 'வி' போல் வளைந்தால் அது ஓடை. ஏரிக்கரை அருகே '5ஆர்' என்றிருந்தால் கரையின் உயரம் 5 மீட்டர், கடல்மட்ட உயரமல்ல.

இந்தத் தாளின் பலம் குறுக்குவெட்டு, அதாவது ஒரு கோட்டின் வழியே நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பக்கவாட்டில் வரைவது. பேரிஜம் ஏரி 2,000 மீட்டருக்கு மேல். போடிநாயக்கனூர் 400 மீட்டருக்குக் கீழ். இரண்டையும் இணைக்கும் கோடு தாளில் 40 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, எனவே வரைபடத்தாள் இரண்டை ஒட்ட வேண்டியிருக்கும். சரிவில் 20 மீட்டருக்கு ஒன்றாக வரும் சம உயரக் கோடுகள் பழுப்புக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அவற்றை எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 100 மீட்டருக்கு ஒன்றாக வரும் தடித்த கோடுகளை மட்டும் காகிதப் பட்டையில் குறியுங்கள். கிடையில் 1 செ.மீ. = 500 மீ. என்பதால், நிலைக்குத்தில் 1 செ.மீ. = 100 மீ. வைத்தால் உயரத்தின் மிகைப்படுத்தல் 5 மடங்கு. மலை ஊசி போல நிற்கும். 200 மீ. வைத்தால் 2.5 மடங்குதான், உருவமும் நம்பும்படி இருக்கும். மடங்கை அடியில் எழுதாவிட்டால் படம் அரைகுறை.

குறை என்றால், குறியீட்டு விளக்கம் ஆங்கிலத்தில். தமிழ்வழி மாணவர் கலைச்சொல்லைத் தாமே எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். 'ஆர்.எஃப்.' காட்டுக்குள் இருந்தால் ஒதுக்கப்பட்ட காடு, அளவைக் கணக்கில் வந்தால் பிரதிபின்னம் (1:50,000 என்ற விகிதம்). இன்னொன்று, கொடைக்கானல் நகரம் தாளின் வடகிழக்கு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடியிருப்பு அமைப்பு பற்றி எழுத அது போதாது. பக்கத்து 58 எஃப்/12ஐயும் எடுத்தால் பெரியகுளமும் சேர்ந்து கிடைக்கும்.