வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை: ஜவுளிக்கடைக் கண்ணால் ஒரு ரிவ்யூ

இந்தச் சேவைக்கு நிலையான பெயர் கிடையாது. இன்றைக்கு ஒரு விளம்பரக் கம்பெனியின் பெயரில் வரும், நாளைக்கு ஒரு ஹோட்டல் புக்கிங் கம்பெனியின் பெயரில் வரும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ‘வீட்டிலிருந்தே தினமும் 2,000 முதல் 5,000 வரை சம்பாதிக்கலாம்’ என்று ஒரு வணக்கத்தோடு ஆரம்பிக்கும். நெல்லைப் பேட்டையில் எங்கள் எதிர் வீட்டு மருமகளுக்கும் அப்படித்தான் வந்தது. பீடி சுற்றுகிற பெண். விஷயம் வெளியே வந்த பிறகு அவள் போனை வாங்கி, முதல் வணக்கத்திலிருந்து கடைசி மிரட்டல் வரை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தேன்.

நெல்லை டவுன் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் நின்றே தலை நரைத்தவன் நான். வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் இந்த ஆட்களைப் போலீஸ்காரர் பார்க்கிற மாதிரி எனக்குப் பார்க்கத் தெரியாது. எதிர்க்கடை சேல்ஸ்மேனைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன்.

வரவேற்பில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ‘ரிசப்ஷனிஸ்ட்’ என்று ஒரு பெண், லட்சணமான போட்டோ. காலையில் வணக்கம், மத்தியானம் ‘அன்புள்ள அக்கா, நீங்கள் உணவை உட்கொண்டீர்களா?’ தமிழ் மட்டும் மிஷின் தமிழ். அது அவர்களுடைய குறை என்றுதான் முதலில் நினைத்தேன். குறையில்லையாம். மைக்ரோசாஃப்டில் ஆய்வாளராக இருந்த கோர்மாக் ஹெர்லி என்பவர் 2012-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். நைஜீரியாவிலிருந்து கோடிக்கணக்கில் பணம் வருகிறது என்று மெயில் அனுப்புகிறவர்கள் ஏன் நைஜீரியா என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள்? அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவன் ஆரம்பத்திலேயே போய்விட்டால் அவர்களுக்கு நேரம் மிச்சம். கடைசிவரை வராத ஆளோடு மாரடிக்க எந்த விற்பனையாளனுக்கும் இஷ்டமில்லை.

வேலை என்னவென்றால், கூகுள் மேப்பில் ஏதோ ஊர் ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஜிபேயில் 150 ரூபாய் வந்துவிட்டது. அந்தக் காசுக்கு அவள் எவ்வளவு நேரம் தட்டை மடியில் வைத்துக் குனிந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பீடிக்கடையில் கட்டு சரியில்லை என்று கழித்தும் போடுவார்கள். இங்கே ‘சூப்பர் அக்கா’ என்று பாராட்டு வேறு.

நாங்கள் கடையில் ஆள் உள்ளே வந்ததும் கலர் சோடா உடைத்துக் கொடுப்போம். குடித்த கலருக்காகவே ஒரு துண்டாவது எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த 150 ரூபாய் இவர்கள் உடைக்கிற கலர். என் பேத்தி அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்கிறாள். அவள் சொன்ன ஒரு பழைய ஆராய்ச்சி: 1966-ல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் வீடு வீடாகப் போய், வாசலில் ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்று ஒரு பெரிய போர்டு நட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நேரே கேட்டபோது 17 சதவீதம் பேர்தான் சரி என்றார்களாம். இதே விஷயத்துக்காக முதலில் ஒரு சின்ன அட்டையை வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர்களிடம் பிறகு போய்க் கேட்டபோது 76 சதவீதம். எங்கள் கடையில் இதை யாரும் படித்ததில்லை. ஆனால் முதலில் ரவிக்கைத் துணியைக் காட்டு, அப்புறம் பட்டுக்குப் போ என்று எங்களுக்குச் சொல்லித்தான் வைத்திருந்தார்கள்.

அடுத்து டெலிகிராம் குழு. உள்ளே இருநூறு பேருக்கு மேல். நிமிஷத்துக்கு ஒருத்தர் ‘எனக்கு 13,000 வந்துவிட்டது’ என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்கள். ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் நிற்கிற கடைக்குள்தான் அடுத்த கூட்டமும் நுழையும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் நான் அந்தக் குழுவை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தேன். ஒருத்தர்கூட கரண்ட் போய்விட்டது என்று எழுதவில்லை. சடங்கு வீட்டுக்குப் போகிறேன், நாளைக்கு வரமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. யார் பிள்ளைக்கும் காய்ச்சல் இல்லை, யாருக்கும் ரீசார்ஜ் தீர்ந்துபோகவில்லை. இருநூறு மனிதர்கள் ஓரிடத்தில் இருந்துகொண்டு ஒரு புலம்பலும் இல்லையென்றால் அங்கே மனிதர்கள் இல்லை என்று அர்த்தம்.

பிறகு ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’, அதாவது முதலில் நாம் பணம் கட்டிச் செய்கிற வேலை. ஆயிரம் கட்டினாள், 1,300 வந்தது. ஐயாயிரம் கட்டினாள், வரவில்லை. வரிசையில் ஒரு எண்ணைத் தவறாக அழுத்திவிட்டாளாம். அதற்கு அவர்கள் அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன்: ‘உங்கள் தவறால் குழுவில் மேலும் மூன்று பேரின் பணம் முடங்கிவிட்டது. அவர்களுக்காவது இரக்கம் காட்டி 28,000 செலுத்திச் சரிசெய்யுங்கள்.’ அந்த மூன்று பேரில் ஒருத்தி, ‘அக்கா, என் மகள் ஃபீஸ் பணம் அது’ என்று அழுகிற பொம்மையோடு தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.

இதைப் படித்தபோதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏமாந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மூரில் ‘பேராசை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். முதல் 150 ரூபாய்க்கு அது பொருந்தலாம். 28,000 கேட்ட இடத்தில் அவர்கள் பிடித்தது அவளுடைய மனசாட்சியை. தன்னால் மூன்று குடும்பம் கெட்டுப்போனது என்று நம்பித்தான், கம்மலை அடகு வைக்கலாமா என்று யோசித்தாள். ஆசைக்காரியாக இருந்திருந்தால் ஐயாயிரத்தோடு விட்டிருப்பாள் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கெல்லாம் நடுவே இன்னொரு வரியும் திரும்பத் திரும்ப வந்தது: ‘வீட்டில் இப்போது சொல்ல வேண்டாம் அக்கா, முழுத் தொகை வந்ததும் சர்ப்ரைஸ் கொடுங்கள்.’ என் தொழிலும் அவர்கள் தொழிலும் பிரிகிற இடம் இதுதான். கல்யாணப் பட்டு எடுக்க எங்கள் கடைக்கு ஒரு வேன் ஆள் வரும். அத்தை ஒரு கலர் சொல்வாள், சித்தி கரை போதாது என்பாள், மாப்பிள்ளை வீட்டு ஆச்சி விலையைக் கேட்டு வாயில் கை வைப்பாள். சேலையைப் பிரித்துப் போட்டே எங்களுக்குத் தோள் விட்டுப்போகும். ஆனால் அத்தனை பேர் பார்த்து எடுத்த சேலை கடைக்குத் திரும்பி வராது. அதனால் முதலாளி கூட்டத்தை உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுப்பார். இவர்களுக்கோ பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’, அதாவது போலீஸ் பேசுகிறோம், உன்னைக் கைது செய்திருக்கிறோம் என்று வீடியோ காலில் மிரட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். கேமராவை அணைக்காதே, அறைக் கதவைச் சாத்து, பிள்ளைகளிடம் சொல்லாதே என்பார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் சொன்னார்.

சரி, போனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் எப்படிப்பட்டவன்? பேத்தியிடம் கேட்டேன். அவள் படிக்கிற அதே துறையில் வேலை பார்த்த கே. ஜெய்சங்கர் என்ற பேராசிரியர் 2008-ல் இதற்கென்றே ஒரு கோட்பாடு எழுதியிருக்கிறாராம். நேர் உலகத்தில் அந்தஸ்துக்கும் ஊர் வாய்க்கும் பயந்து அடக்கி வைத்திருப்பதை, முகம் தெரியாத, பிடிபடும் பயமில்லாத இடத்துக்குப் போனதும் மனிதன் செய்துவிடுகிறான். இடம் மாறினால் ஆளே மாறிவிடுகிறான். உலகமெல்லாம் பேசுகிற விஷயம், பேட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து யோசித்ததா என்று எனக்கு ஒரு பெருமை வந்தது.

அப்புறம் தூக்கம் எப்படி வருகிறது அவனுக்கு என்று கேட்டேன். அதற்கு 1957-லேயே சைக்ஸ், மாட்சா என்ற அமெரிக்கர்கள் பதில் வைத்திருக்கிறார்கள்: தப்பு செய்கிறவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். எனக்கு வேறு வழியில்லை, யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, பேராசைக்காரிக்கு இது வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் திடுக்கிட்டேன். நம் தெருவில் எல்லோரும் அவளைச் சொன்னது இதைத்தானே.

‘வேறு வழியில்லை’ என்பது சிலருக்கு உண்மையாகவும் இருக்கிறது. மியான்மரிலும் கம்போடியாவிலும் ஆட்களை அடைத்து வைத்து, டார்கெட் கொடுத்து, அடித்து இந்த வேலையைச் செய்ய வைக்கிறார்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது. நல்ல வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்களும் 2022-ல் மியான்மரிலிருந்து மீண்டு வந்தார்கள். ராத்திரி ஒரு மணிக்கும் ‘அக்கா, ஆன்லைனில் இருக்கிறீர்களா’ என்று கேட்ட அந்த ரிசப்ஷனிஸ்ட் அப்படி ஒரு பையனாகக்கூட இருக்கலாம். கவுண்டரில் நிற்கிறவன் வேறு, கல்லாவில் இருக்கிறவன் வேறு. என் கோபம் கல்லாவில் இருக்கிறவன் மேல்.

நட்சத்திரம் போட வேண்டுமென்றால் ஆள் பழக்கத்துக்கு நான்கு, பொறுமைக்கு ஐந்து. மற்றதற்கு ஒன்றுமில்லை. மறைமுகக் கட்டணம் ஒன்றும் உண்டு, கவனியுங்கள்: அவர்கள் அனுப்பிய 1,300 ரூபாய் இன்னொரு ஏமாந்தவருடைய பணமாக இருந்தால், புகார் வரும்போது வாங்கியவர் கணக்கும் முடக்கப்படலாம்.

அவள் 28,000 கட்டவில்லை. அதற்குக் காரணம் எந்த ஆப்பும் இல்லை, அவள் மாமியார், எனக்கு மதினி முறை. ஊற வைத்து வெட்டிய இலை கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ‘ஏட்டி, இலையெல்லாம் சருகாக் காஞ்சு கெடக்கு, யாருகிட்ட பேசிட்டு இருக்க?’ என்று மதினி கேட்டதும் இவள் அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அன்றைக்கே சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து, சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் போட்டார்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால்தான் நடுவில் நிறுத்திவைக்க வழியுண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்தால் அவனுக்குத்தான் லாபம்.

விற்பனைக்குப் பிந்தைய சேவையும் இருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து, ‘சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் ஐயாயிரத்தை மீட்டுவிட்டோம், 2,000 கட்டணம் அனுப்புங்கள்’ என்று ஒருவன் பேசினான். ஏமாந்தவர்களின் எண்களைக் கைமாற்றி, திரும்பவும் அவர்களிடமே வருவது இந்தத் தொழிலில் வழக்கம். இந்த முறை போனை மதினி வாங்கிக்கொண்டாள். ‘பணத்தை நேர்ல கொண்டாந்துரும் தம்பி, அண்ணாச்சி, எம்மவன் எல்லாரும் வீட்லதான் இருக்காவ, ரெண்டாயிரத்தையும் கையில தாரோம்’ என்றாள். அந்தப் பக்கம் லைன் கட்டானது. அந்த எண்ணையும் புகாரில் சேர்த்தாயிற்று.